கதிரியைத் தாண்டி நின்ற ஃபியட்: ஒரு கோடைப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆந்திராவில் குப்பம் என்ற ஊரிலிருந்து அதே மாநிலத்து அனந்தபுரம் மாவட்டத்தின் மேற்கு ஓரம் வரை, 1966-ஆம் ஆண்டு ஃபியட் 1100 டிலைட் காரில் மூன்று பேர் மேற்கொண்ட பயணத்தின் பதிவு இது. உரவகொண்டாவுக்கு அப்பால் தனியார் நிலம் ஒன்றில் பழைய கார்களுக்கான வேக ஓட்டம் ஏற்பாடாகியிருந்தது. நேரான பாதை, ஒரு நேரத்தில் ஒரு கார், கடிகாரத்தோடுதான் போட்டி. ஏப்ரல் மாதக் கடைசி வாரம். வழியில் கார் பலமுறை நின்றது, மூவரில் மூத்தவர் வெப்பத் தாக்குதலுக்கு ஆளானார், கார் கடைசிவரை ஓட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. மூவரிடமும் தனித்தனியே கேட்டு, அவர்கள் சம்மதத்துடன் எழுதுகிறேன். பெயர்கள் இல்லை.

காரின் உரிமையாளருக்கு 67 வயது. குப்பத்தில் கிரானைட் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அதில் ஒன்று நீர் பிரிவதற்கான மாத்திரை. இரண்டாமவர் அவருடைய அக்காள் மகன், முப்பதைத் தாண்டியவர், வாகன மின்வேலை தெரிந்தவர். மூன்றாமவர் குடும்ப நண்பர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். குப்பத்தில் பலருக்கும் இருப்பதுபோல வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் மூவருக்கும் பழக்கம்.

பெரியவருக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வழியில் எடுத்த முடிவுகளில் அதற்கும் பங்கு உண்டு. இளம் வயதில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களைப் பார்த்தவர் அவர். பிறகு ஏதோ ஓர் ஆங்கில இதழில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து பொன்னவில் உப்புவெளியைப் பற்றிப் படித்திருக்கிறார். 1949 முதல் அங்கே வேக வாரம் நடக்கிறது. பாலைவனச் சாலைகளில் பழைய கார்களை ஓட்டிக்கொண்டே அங்கு போய்ச் சேர்பவர்கள் உண்டு. நியூசிலாந்துக்காரரான பர்ட் மன்ரோ, 1920-ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தன் கையாலேயே திருத்தி, 1967-இல் அந்த உப்புவெளியில் மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். அப்போது அவருக்கு வயது 68. "எனக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது" என்று பெரியவர் பயணத்துக்கு முன் பலரிடமும் சொல்லியிருக்கிறார்.

அனந்தபுரத்தைப் பாலைவனம் என்பது மிகை. ஆனால் பொய்யும் அல்ல. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அரைகுறையாகவே எட்டும் நிலம். ஆண்டு மழை சராசரியாக 550 மில்லிமீட்டர் அளவுதான். கணேகல், பொம்மனஹால் பகுதிகளில் வேதவதி ஆற்று மணல் காற்றில் பறந்து வந்து வயல்களின் மேல் மேடுகளாகவே படிந்திருக்கிறது.

வண்டியும் ஆயத்தமும்

1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெட்ரோல் டேங்க் பின்னால் இருக்கிறது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் இயந்திரப் பம்பு, பட்டறைகளில் ஏ.சி. பம்பு என்று சொல்வார்களே அது, அங்கிருந்து நீண்ட குழாய் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி, அதைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது.

ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். தண்ணீர்ப் பம்பு, விசிறிப் பட்டை, தெர்மோஸ்டாட் மூன்றும் புதிது. காயில், கண்டன்சர், பாயிண்ட் செட் என எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மின்பாகங்கள் எல்லாவற்றிலும் மாற்று ஒன்று டிக்கியில் இருந்தது. ரேடியேட்டருக்காக 20 லிட்டர் கேனில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொரு 5 லிட்டர் கேனில் பச்சை நிறக் கூலன்ட் கலந்த நீர். குடிப்பதற்கு மூன்று ஒரு லிட்டர் பாட்டில்கள்.

கடைசி வரியை நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். கடைகள் உள்ள சாலைதானே, வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார்களாம். நியாயமான எண்ணம்தான். கார் கடைக்கு முன்னால் நிற்குமானால் அது சரியாகவும் இருந்திருக்கும்.

புறப்பாடு

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, ஒன்பதரைக்குள் அனந்தபுரத்தைத் தொடுவது திட்டம். குப்பம், வி.கோட்டா, பலமனேர், புங்கனூர், மதனப்பள்ளி, கதிரி, அனந்தபுரம் என்று முழுக்கவும் 42-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. காருக்குப் பூசை, எலுமிச்சம்பழம், வழியனுப்ப வந்த உறவினர்களோடு சிற்றுண்டி எல்லாம் முடிந்து கார் நகர்ந்தபோது மணி ஏழே முக்கால்.

நேரம் தவறிய பிறகு திட்டத்தை யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. மதனப்பள்ளி வரை அதற்குத் தேவையும் எழவில்லை. அது மேட்டு நிலம், காற்று இதமாக இருந்தது, கார் பிசிறில்லாமல் ஓடியது. தக்காளி மண்டிக்குப் பக்கத்தில் தேநீர் குடித்தபோது, "இங்கேயே தங்கிச் சாயங்காலம் கிளம்பலாமா அண்ணா?" என்று ஓட்டுநர் நண்பர் கேட்டிருக்கிறார். வெப்பமானி முள் நடுவில் நிற்பதைப் பெரியவர் காட்டினார். பேச்சு அதோடு நின்றது.

கதிரியில் நண்பகலுக்குச் சற்று முன் பெட்ரோல் நிரப்பிச் சாப்பிட்டார்கள். குடிநீர் பாட்டில்கள் அங்கே காலியாகிவிட்டன. உணவகத்துத் தண்ணீரை ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் நிரப்பிக்கொண்டார்கள். கைபேசி 41 டிகிரி காட்டியது.

முதல் இரண்டு நிறுத்தங்கள்

கதிரியைத் தாண்டிச் சாலைப்பணி நடந்த ஓரிடத்தில் கால் மணி நேரம் வரிசையில் நின்றார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பாதை திறந்து சிறிது தூரம் போனதும் கார் இருமுறை இழுத்துவிட்டு நின்றது. செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை.

அக்காள் மகன் பானெட்டைத் திறந்து காயிலைத் தொட்டுப் பார்த்தார். கை வைக்க முடியாத சூடு. சூடேறிய காயில் செயலிழப்பது பழைய கார்களில் எல்லோரும் அறிந்த பழுது. மின்வேலைக்காரர் என்பதால் அவர் எண்ணம் முதலில் அங்கே போனதும் இயல்பு. மாற்றுக் காயிலைப் பொருத்தினார். இருபது நிமிடங்கள் ஆயின. கார் உடனே பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில்தான் மூவரும் தடம் மாறினார்கள். காரை நிறுத்தியது ஆவி அடைப்பு, அதாவது பட்டறைகளில் ஏர் லாக் என்று சொல்லும் சங்கதி. உறிஞ்சும் குழாய்க்குள் அழுத்தம் குறைவாக இருப்பதால் பெட்ரோல் வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். சவ்வு அசைந்து இயங்கும் அந்த ஏ.சி. பம்பால் ஆவியை இழுத்துத் தள்ள முடியாது. கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது முன்பக்கக் காற்று இல்லாததால் பானெட்டுக்குள் சூடு ஏறும். அணைத்த பிறகும் சிறிது நேரம் ஏறிக்கொண்டே இருக்கும். பானெட்டைத் திறந்து வைத்தால் மெல்ல ஆறும், ஆவி மீண்டும் திரவமாகும், கார் ஓடும். ஆகவே இருபது நிமிடம் பிடிக்கும் எந்த வேலையும் இந்தப் பழுதைத் 'தீர்த்துவிடும்'. காயிலுக்குப் பதிலாக சக்கரத்தை மாற்றியிருந்தாலும் கார் பிடித்திருக்கும்.

முதிகுப்பாவுக்கு முன்னால் மறுபடி நின்றது. கண்டன்சரை மாற்றினார்கள், பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி சரிசெய்தார்கள். மீண்டும் ஓடியது. இந்த முறை வேலை அரை மணிக்கு மேல் நீடித்தது. பெரியவர் காருக்குள் உட்கார மறுத்து, பானெட்டின் அருகிலேயே நின்று திருகாணிகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். சாலை அகலப்படுத்தலில் மரங்கள் போய்விட்ட பகுதி அது.

அடுத்த முடிவு எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. முதிகுப்பாவில் கடைகள் இருந்தன, நிழல் இருந்தது, பழச்சாறு வண்டி ஒன்றும் இருந்தது. அவர்கள் நிற்கவில்லை. "ஓடுகிற வண்டியை அணைக்காதே தம்பி" என்றார் பெரியவர். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்ற அச்சம். காரைப் பொறுத்தவரை அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது. மூவருக்கும் சேர்த்து அப்போது மிச்சமிருந்த குடிநீர் அரை பாட்டில்.

மூன்றாம் நிறுத்தம்

ஊரைத் தாண்டி ஏழெட்டு கிலோமீட்டரில் கார் நின்றபோது மணி இரண்டை நெருங்கியிருந்தது. இந்த முறை அக்காள் மகன் பெட்ரோல் வரத்தைப் பார்த்தார். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி செல்ஃப் அடித்தால் நுரையும் காற்றும்தான் வந்தன. காரணம் பிடிபட்ட மகிழ்ச்சியில், துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்றும் பழைய வைத்தியத்துக்கு இறங்கினார். வறண்ட காற்றில் ஈரத்துணி வேகமாகக் குளிரும். அந்த நிலத்துக்கு ஏற்ற வழிதான். 20 லிட்டர் கேன் திறக்கப்பட்டது.

பெரியவர் அரை மணி நேரமாக எரிச்சலாகப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு குறைந்தது. ஸ்பேனரைக் கேட்டதற்கு ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். "மாமா கோபத்தில் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன்" என்கிறார் அக்காள் மகன். கார் பிடித்ததும் பெரியவர் கேட்டது: "பலமனேர் வந்துவிட்டதா?"

பலமனேரைக் காலையிலேயே தாண்டியிருந்தார்கள். அக்காள் மகன் சிரித்துவிட்டார். நண்பர் சிரிக்கவில்லை. கோடையில் பல ஆண்டுகள் பேருந்து ஓட்டிய அவர், நடத்துநர் ஒருவர் இதே மாதிரி ஊர்ப்பெயர் குழறி விழுந்ததைப் பார்த்தவர். பெரியவரின் கழுத்தைத் தொட்டார், கொதித்தது. சட்டை ஈரமாக இருந்தது. வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்குதல் என்று பலர் நம்புகிறார்கள். வியர்வை இருக்கும்போதும் அது வரும். மனக்குழப்பம்தான் பார்க்க வேண்டிய அடையாளம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைக்கச் சொன்னார் நண்பர். அக்காள் மகன் தயங்கினார். காரிலேயே அனந்தபுரம் மருத்துவமனைக்குப் போய்விடலாம் என்பது அவர் வாதம். இன்னும் ஒரு மணி நேரத்துக்கும் மேலான வழி, மறுபடி நிற்காது என்ற உறுதி இல்லை, காருக்குள் வெளியைவிடச் சூடு. உடலை உடனே குளிர்விப்பதா, மருத்துவமனைக்கு விரைவதா என்று வந்தால் குளிர்விப்பதே முதலில். உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. நண்பருக்கு இந்த மருத்துவ விளக்கம் தெரியாது. "முதலில் தண்ணீர் ஊற்று, பிறகு பேசு" என்பது மட்டும் தெரிந்திருந்தது. அது போதுமாக இருந்தது.

எதிர்த்திசையில் வந்த தக்காளி லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார்கள். ஓட்டுநர் கிருஷ்ணகிரிக்காரர். லாரியை ஓரங்கட்டி நிழல் கொடுத்தார். அந்த நிழலில் தார்ப்பாய் விரித்துப் பெரியவரைப் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, தலை, கழுத்து, மார்பு, அக்குள் என்று ரேடியேட்டர் தண்ணீரை ஊற்றி, அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறினார்கள். 108 ஆம்புலன்சுக்குத் தகவல் போனது.

இரண்டு செயல்கள் தடுக்கப்பட்டன. பெரியவர் தண்ணீர் கேட்டபோது அக்காள் மகன் பதற்றத்தில் எடுத்தது சிறிய கேனை. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் குடித்தால் நஞ்சு. இனிப்புச் சுவை இருப்பதால் குடிப்பவருக்குச் சந்தேகமும் வராது. கேனில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நிறத்தைப் பார்த்துப் பிடுங்கியவர் லாரி ஓட்டுநர். அடுத்து, காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா என்ற பேச்சு. வெப்பத் தாக்குதலில் அது பயன்படாது. சில நேரம் ஈரலுக்குக் கூடுதல் சுமை. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் போடக் கூடாது என்று நண்பர் மறுத்தார். சிறிது நேரத்தில் பேச்சு தெளிந்த பிறகே சிறு சிறு மடக்காகத் தண்ணீர் கொடுத்தார்கள், பெரிய கேனிலிருந்து.

பின்விளைவு

ஆம்புலன்ஸ் அரை மணிக்குள் வந்தது. அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தபோது அவ்வளவு தண்ணீர் ஊற்றிய பிறகும் உடல் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டி இருந்தது. நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றி, இரத்தப் பரிசோதனைகளில் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்து, இரண்டு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். நீர் பிரியும் மாத்திரை உடலின் நீரையும் உப்பையும் குறைக்கும் என்பதால் இத்தகைய வெயிலில் ஆபத்தைக் கூட்டும் என்று மருத்துவர் சொன்னார். மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. கோடைக்கு முன்பே அளவைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அக்காள் மகன் ஆம்புலன்சில் போய்விட, நண்பர் மட்டும் காரோடு இருந்தார். வெயில் தாழும் வரை லாரி ஓட்டுநர் கொடுத்த தக்காளியைத் தின்றுகொண்டு ஒரு பாலத்தடியில் உட்கார்ந்திருந்தவர், மாலை ஆறரைக்கு ஃபியட்டைக் கிளப்பி, டைனமோ தரும் மங்கிய விளக்கில் அனந்தபுரம் வரை ஓட்டிச் சேர்த்தார். ஓரிடத்திலும் நிற்கவில்லை.

ஓட்டக்களத்தில்

மறுநாள் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து பெரியவர் கைபேசியில் அழைத்து, காரை ஓட்டிவிட்டே திரும்ப வேண்டும் என்றார். மகளும் மனைவியும் வந்து சேர்ந்திருந்ததால் அக்காள் மகனும் களத்துக்குப் போனார்.

ஓட்டத்துக்கு முந்தைய சோதனையில் கார் தேறவில்லை. பம்பின் உறிஞ்சு பக்கத்தில் இருந்த ரப்பர் குழாய் மென்மையாகி, கிளிப்புக்கு அருகில் கசிந்திருந்தது. பெட்ரோலுக்கு உரியதல்லாத சாதாரணக் குழாய் அது; இப்போது நாடெங்கும் விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி உப்பியிருந்தது. பொருத்தியது ஒரு பட்டறை, ஒப்புக்கொண்டது இவர்கள். எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் கசியும் காரை வேக ஓட்டத்தில் விட மாட்டோம் என்று சோதனையாளர்கள் சொன்னபோது வாதாட எதுவும் இல்லை. மாற்றுக் குழாய் டிக்கியில் இல்லை. காயில் மட்டும் ஒன்று அதிகமாக இருந்தது.

கசியும் உறிஞ்சு குழாய் வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். முதல் நாள் நிறுத்தங்களில் அதற்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். எத்தனால் தனியாக 78 டிகிரியில் கொதிப்பது என்றாலும், பெட்ரோலின் இலேசான பகுதிகளோடு கலக்கும்போது கலவை இன்னும் தாழ்ந்த வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். 1966-இல் அந்தக் குழாய்வழியை அமைத்தவர்கள் இந்த எரிபொருளை மனத்தில் வைத்து அமைக்கவில்லை.

அன்று மாலை உள்ளூரில் குழாய் வாங்கி மாற்றி, மறுநாள் விடியலுக்கு முன் கிளம்பி, மூவரும் அல்லாமல் இருவராகக் குப்பம் திரும்பினார்கள். பெரியவர் பிறகு மகளோடு ரயிலில் வந்தார்.

மாற்றப்பட்டவை

எரிபொருள் குழாய்கள் முழுக்கவும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாறிவிட்டன. புகைபோக்கி வழியிலிருந்து குழாயை விலக்கி, வெப்பம் தடுக்கும் உறை போட்டிருக்கிறார்கள். கூலன்ட் கேனில் சிவப்பு எழுத்தில் நஞ்சு என்று எழுதியிருக்கிறது. இவை ஒரு வாரத்தில் முடிந்த வேலைகள்.

பயண முறையில் செய்த மாற்றம் இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். காலை ஒன்பது மணிக்குக் கதிரியைத் தாண்டாவிட்டால் மதனப்பள்ளியிலேயே மாலை வரை தங்குவது என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். கார் நின்றால் முதலில் ஆட்களுக்கு நிழல், பிறகே பானெட். குடிநீர் ஆளுக்கு ஐந்து லிட்டர், தனிக் கேனில், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களோடு. மூவரில் ஒருவர் பழுது பார்ப்பதில் கை வைக்கவே கூடாது. மற்ற இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் அவர் வேலை. அன்று நண்பர் தற்செயலாக அந்த இடத்தில் இருந்தார். காரின் வெப்பத்தைக் காட்ட ஒரு முள் இருந்தது, அது கடைசிவரை நடுவிலேயே நின்றது, மூவரும் அதை நம்பினார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் குடும்பத்தில் ஒத்த கருத்து இல்லை. டேங்க்குக்கு அருகில் ஒரு மின்பம்பு வைத்தால், உறிஞ்சுவதற்குப் பதில் பெட்ரோல் அழுத்தத்தோடு தள்ளப்படும், ஆவி அடைப்புக்கு வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்பது அக்காள் மகனின் கட்சி. மோதினால் தானே அணையும் சுவிட்சோடு வைக்கலாம் என்கிறார். பெரியவருக்கு அதில் விருப்பமில்லை. 1966-இல் வந்த காரில் 1966-இல் இல்லாத பொருள் எதற்கு என்கிறார். தொழில்நுட்பப்படி அக்காள் மகன் சொல்வதே சரி. காரின் சொந்தக்காரர் மாமா. மின்பம்பு இன்னும் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஓட்டத்துக்கு அக்காள் மகன் பெயரில் பதிவு செய்திருக்கிறார்கள். அது மார்கழியில் நடப்பதானால் மட்டும் போகலாம் என்று பெரியவரின் மனைவி சொல்லியிருக்கிறார்.